கலியாணம் பார்த்த கதிரைகள்

ஓய்வு பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, பழைய பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். புதுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம், நான் வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். கறுப்பு விரிப்பு ஒன்றைக் கதிரைமேல் போட்டு என்னை இருக்கச் சொன்னார்கள். உடனே கணினித் திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக என் பின்புறத்தின் வரைபடம் வந்து நின்றது. எந்த இடத்தில் பாரம் கூட, எந்த இடத்தில் குறைவு என்று அது காட்டுமாம். அறுபத்தேழு வயதில் ஒரு மனுசி தன்னுடைய பின்புறத்தை இத்தனை நிறத்தில், இத்தனை பேர் நடுவில் பார்ப்பது இலேசான காரியம் இல்லை. எழும்பி நின்று, "நல்ல கருவி" என்றேன். வேறு என்ன சொல்ல?

புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஒருத்தி, "அந்தக் காலத்தில் நீங்கள் எதை வைத்துக் கதிரையைச் சோதித்தீர்கள்?" என்று கேட்டாள்.

"ஒரு கலியாணத்தை வைத்து" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பகிடி இல்லை. அன்றைக்கு விளக்கமாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜெர்மனிக்கு வந்தது எண்பத்தைந்தில். என் கணவர் குகன் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்து, எனக்கு முன்னரே ஸ்டுட்கார்ட்டில் அகதிகள் விடுதியில் ஒரு அறை பிடித்து வைத்திருந்தார். 'பிடித்து' என்பது மரியாதைக்குச் சொல்வது. கொடுத்தார்கள், இருந்தார். யாழ்ப்பாணத்தில் நான் தையல் ஆசிரியை. இங்கே அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யக் கூடாது என்று சட்டம். சும்மா இருப்பதும் ஒரு வேலை என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் சும்மா இருந்து பார்க்காதவர்கள். விடுதியில் இருந்த எல்லோருடைய சட்டைக்கும் பொத்தான் தைத்து முடித்தேன். பிறகு தைக்க ஒன்றும் இல்லாமல், அறையின் யன்னல் சீலையின் கரையைப் பிரித்துத் திரும்பவும் தைத்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பிரித்தேன். குகன் பார்த்துவிட்டு, "மலர், அந்தச் சீலை உமக்கு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எண்பத்தேழில் வேலை அனுமதி கிடைத்தது. ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. எந்த இடம் என்னை வேலைக்கு எடுக்கச் சம்மதித்ததோ அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் வேலை செய்யலாம். அந்த இடம் மூடினால் அனுமதியும் போயிற்று. நான் மறுபடியும் யன்னல் சீலைக்குப் போக வேண்டியதுதான்.

என்னை எடுத்த இடம் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய பின்னலாடைத் தொழிற்சாலை. ஆலை மூடி ஆண்டுக்கணக்காகி, முற்றத்தில் செடி முளைத்துக் கிடந்த கட்டடம். அதைக் கலைஞர்கள் துண்டு துண்டாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கீழே ஒரு நாடகக் குழு காலையிலேயே கத்திப் பழகும். பக்கத்தில் ஒரு மண்பாண்டக்காரி. மேல் மாடி முழுவதும் தளபாடம் வடிவமைப்பவர்கள். அவர்களுக்கு முதலாளி கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேசை, தனித்தனி வாடிக்கையாளர், தனித்தனிக் கொள்கை. பொதுவாக இருந்தவை வாள் இயந்திரம், பசைப் பானை, கோப்பி இயந்திரம். மாதம் ஒருமுறை சனிக்கிழமை முற்றத்தில் எல்லாவற்றையும் வெளியே வைத்து அயலவரைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் பியர் குடித்தபடி கதிரைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் வாங்காமல் போவார்கள். அதற்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கதிரை என்று வந்தால் அங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சி ரைனர். இரும்புக் குழாயை வளைத்துக் கதிரை செய்வார். ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக அடுக்கலாம், கூரையிலிருந்து போட்டாலும் உடையாது. அதை நிரூபிக்க ஒருமுறை கூரையிலிருந்து போட்டும் காட்டினார். மற்றக் கட்சி அனெட்டே. மெல்லிய பலகையை நீராவியில் வளைத்து, கண்ணாடிபோல மினுக்கிக் கதிரை செய்வார். மெத்தை போடச் சொன்னால் கோபம் வரும். மெத்தை என்பது பிழையை மூடுகிற சீலை என்பது அவருடைய கொள்கை. இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள். கதிரையைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

என்னை வேலைக்கு எடுத்தவர் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. அவர் உர்சுலா. மெத்தை வேலையில் மைஸ்டரின், அதாவது தேர்வு எழுதிப் பட்டம் பெற்ற தலைமைக் கைவினைஞர். அந்த மாடியில் ஒழுங்கான பட்டம் வைத்திருந்த ஒரே ஆள். பழைய சாய்மனைகளுக்கும் நாடக அரங்க இருக்கைகளுக்கும் மெத்தை போட்டுத்தான் அவருடைய வருமானம். அங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஏலாது. என்னைவிட இருபது வயது மூத்த, எனக்கு வேலை தந்த மனுசியை எப்படி நீ என்பது? முதல் ஆறு மாதம் நான் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். நான் இருமல்காரி என்று நினைத்து அவர் எனக்குத் தேன் போத்தல் ஒன்று வாங்கித் தந்தார்.

தொழில் பழகின கதையை நீட்ட மாட்டேன். ஆணியை வாயில் ஒதுக்கி வைத்து நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவது, வளைந்த ஊசியால் பார்க்காமலே தைப்பது, சுருள்வில்லை எட்டுத் திசையும் கயிற்றால் இழுத்துக் கட்டுவது. கட்டும்போது ஒரு பக்கம் கொஞ்சம் இறுகினால் முழு இருக்கையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எதிர்ப்பக்கத்தை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று கை துறுதுறுக்கும். கூடாது. எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டும். முதல் வருடம் கட்டியதைவிட அவிழ்த்ததுதான் கூட.

ஆனால் உர்சுலா எப்படிச் சோதிப்பார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கையால் அமுக்கிப் பார்க்க மாட்டார். அளவு நாடா எடுக்க மாட்டார். காலைச் சாப்பாட்டுக்கு வாங்கின பிரேட்செலோடு வந்து, அந்த உப்புத் தூவின முறுக்கு ரொட்டியோடு, நான் முடித்த இருக்கையில் இருப்பார். யன்னலைப் பார்த்தபடி சாப்பிடுவார். சாப்பிட்டு முடியும்வரை ஆடாமல் அசையாமல் இருந்தால் வேலை சரி. நடுவில் ஒருமுறை உடம்பைத் திருப்பினால் பரவாயில்லை. இரண்டாம் முறை திருப்பினாரோ, எழும்பி மிச்சப் பிரேட்செலை இருக்கையின் நடுவில் வைத்துவிட்டு, "நொக் மால்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுபடியும் என்று அர்த்தம். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். பாதிப் பிரேட்செலை முறைத்துப் பார்த்து நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்தப் பாதியை நான் சாப்பிடலாம் என்பது எங்களுக்குள் சொல்லாமல் ஏற்பட்ட ஒப்பந்தம். அந்த வருடம் எனக்கு உடம்பு வைத்தது.

எண்பத்தெட்டுத் தொடக்கத்தில் இடி விழுந்தது. கட்டடம் நகரசபைக்குச் சொந்தமானது. அதை இடித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். கலைஞர்கள் ஊர்வலம் போனார்கள், நாடகக் குழு நகரசபை வாசலில் நின்று கத்தியது. அதற்குத்தான் அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்களே. கடைசியில் நகரசபை இறங்கி வந்தது. கீழ்த்தளத்தில் அயலவருக்கான பொது மண்டபம் ஒன்று அமைக்கலாம், அதற்கு வேண்டிய கதிரைகளை மாடிக்காரர் செய்து கொடுக்கட்டும், கோடையில் குழு ஒன்று வந்து பார்க்கும், கதிரை திருப்தி என்றால் கட்டடம் தப்பும், இல்லையென்றால் தரிப்பிடம்தான் என்றார்கள்.

மாடியில் எல்லோரும் கட்டிப் பிடித்துக் கொண்டாடினார்கள். நானும் கைதட்டினேன். கதிரை செய்கிறவர்களிடம் கதிரை கேட்டால் கஷ்டமா என்ன? அன்று மாலை குகனிடமும் அப்படித்தான் சொன்னேன்.

கஷ்டம்தான். திங்கட்கிழமை தோறும் அங்கே ஒரு கூட்டம் நடக்கும். கூட்டத்துக்கு ஒரு விதி. பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் சம்மதித்தால்தான் ஒரு முடிவு முடிவாகும். ஒரே ஒரு ஆள் 'இல்லை' என்றால் அது விழுந்துவிடும். கோப்பி இயந்திரத்தை எங்கே வைப்பது என்ற முடிவுக்கே அவர்களுக்கு ஒரு பனிக்காலம் போனது என்று கேள்விப்பட்டேன். ரைனரின் கதிரை என்றால் அனெட்டே இல்லை என்றார். அனெட்டேயின் கதிரை என்றால் ரைனர் இல்லை என்றார். வாரம் வாரமாக இதே பல்லவி. தங்கள் பக்கத்தை நிரூபிக்க இரண்டு பேரும் மாதிரிக் கதிரைகளைச் செய்து குவித்தார்கள். ஒருவர் ஒரு வரிசை செய்தால் மற்றவர் ஒன்றரை வரிசை செய்வார். நடப்பதற்கு இடம் இல்லாமல் போனது. எனக்கு இரவில் நித்திரை இல்லை. கட்டடம் போனால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். என் அனுமதி எங்கே போகும்?

கூட்டத்தில் எனக்கும் ஒரு குரல் உண்டு. ஆனால் நான் எதற்கும் ஆம் என்று தலையாட்டுகிற ஆள். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எந்த அலுவலகத்திலும் எந்த மனிதரிடமும் நான் இல்லை என்று சொன்னதே இல்லை. அகதிக்கு அது ஒரு பழக்கமாகிவிடும். பல் கொதித்தாலும், வலிக்கிறதா என்று வைத்தியர் கேட்டால், சமாளிக்கலாம் என்போம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்களில் ஒரு கலியாணம் வந்தது. பெண்ணின் சித்தப்பா ராசன் அண்ணைதான் பொறுப்பு. பெரிய மனுசன், எல்லோருக்கும் முன்னால் நின்று ஓடியாடுகிறவர். தேவாலயத்து மண்டபத்தை இரவல் வாங்கிவிட்டார். கதிரை போதவில்லை. விடுதிக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, நீ கதிரை செய்யிற இடத்திலதானே வேலை? ஒரு நாளைக்குத் தருவினமோ எண்டு கேட்டுப் பாரன்."

கேட்டேன். உர்சுலா என்னைப் பார்த்தார். பிறகு மாடியை அடைத்துக்கொண்டு நின்ற கதிரைக் கூட்டத்தைப் பார்த்தார். "கலியாணம் எவ்வளவு நேரம் நடக்கும்?" என்று கேட்டார்.

"நாள் முழுக்க."

"ஆட்கள் எல்லா நேரமும் இருப்பார்களா?"

"இருக்க வேண்டும். வேறு என்ன செய்வது?"

திங்கட்கிழமைக் கூட்டத்தில் உர்சுலா அதை முன்வைத்தார். இரண்டு வகைக் கதிரையும் கலியாணத்துக்குப் போகட்டும், இருக்கிறவர்களே தீர்ப்புச் சொல்லட்டும். எல்லோரும் உடனே ஆம் என்றார்கள். அந்தக் கூட்டத்தின் சரித்திரத்தில் அவ்வளவு விரைவாக முடிவான விடயம் வேறு இல்லை.

கலியாணத்தன்று ரைனரும் அனெட்டேயும் கேள்வித் தாள்களோடு வந்து வாசலில் நின்றார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் அவர்கள்மீது பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்கண்டு கொடுத்தார்கள். ரைனர் வாயில் கற்கண்டோடும் நெற்றியில் பெரிய பொட்டோடும் நாள் முழுக்கத் திரிந்தார். சமையல்காரரின் வடையைக் கண்டபின் அவர் கதிரைகளைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்.

அன்றைக்கு ஐயர் வேறு ஊரிலிருந்து புகையிரதத்தில் வரவேண்டும். இடையில் ஒரு வண்டியைத் தவறவிட்டார். முகூர்த்தத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக் குறித்தார்கள். சனம் காத்திருந்தது. ஒரு கதிரையைச் சோதிக்க இதைவிட நல்ல வழியை எந்த நிபுணரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான் பின் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். அனெட்டேயின் மினுக்கிய பலகையில் பட்டுச் சேலைகள் நிற்கவில்லை. பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கி வருவார்கள். எழும்பி, சேலையைச் சரிசெய்து, பின்னால் தள்ளி இருப்பார்கள். மறுபடி வழுக்குவார்கள். முழு வரிசையும் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராசன் அண்ணை பட்டு வேட்டியோடு ஒரு கதிரையில் சாய்ந்து இருந்தார். மெல்ல மெல்ல வந்து, ஒரேயடியாகத் தரைக்கே போய்விட்டார். போனவர் கீழே எதையோ தேடுவதுபோலத் தேடி, ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு எழும்பினார். ரைனரின் கதிரை வழுக்கவில்லை, ஆனால் குளிர்ந்தது. தேவாலய மண்டபத்தில் சூடு காணாது. இரும்பில் இருந்தவர்கள் சால்வையை மடித்துக் கீழே போட்டார்கள், சிலர் பத்திரிகையை விரித்தார்கள், ஒரு அம்மா தன்னுடைய கைப்பையையே போட்டு அதன்மேல் இருந்தார். ஐயர் வந்து சேர்ந்தபோது பாதிச் சனம் தரையில் விரிப்பின்மேல் சம்மணம் கட்டியிருந்தது. ஆண்கள் பலர் சுவரோடு சாய்ந்து நின்றார்கள்.

இதற்கு நடுவில் அனெட்டே கேள்வித் தாளோடு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். ராசன் அண்ணைதான் மொழிபெயர்ப்பு. கைப்பையின்மேல் இருந்த அம்மாவிடம் வந்தார்கள்.

"கதிரை எப்பிடி எண்டு கேக்கினம், அக்கா."

"நல்ல கதிரை எண்டு சொல்லுங்கோ தம்பி. பாவங்கள், கேட்ட உடன தந்து உதவின சனம்."

"இடுப்பு நோகுதோ எண்டும் கேக்கினம்."

"நோகுதுதான். அதை ஏன் அவையிட்டச் சொல்லுவான்? நல்லாயிருக்கு எண்டு சொல்லுங்கோ."

ராசன் அண்ணை அனெட்டேயின் பக்கம் திரும்பி, சற்றுமுன் தரையில் கிடந்த மனுசன், நெஞ்சை நிமிர்த்தி, "சேர் கூட்! சேர் கூட்!" என்றார். மிக நல்லது என்று. அனெட்டே எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம் திருவிழாவாகத் தொடங்கியது. ஒவ்வொரு தாளாக வாசித்தார்கள். நல்லது. மிக நல்லது. நல்லது. இரண்டு கதிரைக்கும் ஒரு குறையும் இல்லை. ரைனர் எழும்பி, மண்டபத்துக்குப் பாதி இரும்பு, பாதி பலகை என்று கொடுத்துவிடலாம் என்றார். அனெட்டே சம்மதித்தார். இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள். யாரோ வைன் போத்தல் திறந்தார்கள். ஆண்டுக்கணக்கான சண்டை தீர்ந்த சந்தோசத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். சுற்றிவரக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், எல்லோரும் ஆம், ஆம். என் முறை வந்தது.

ஆம் என்றால் இந்தச் சந்தோசம் நிலைக்கும். ஆனால் நகரசபைக் குழு வந்து வழுக்கும், நெளியும், எழும்பிப் போய் இடிக்கச் சொல்லும். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, இடுப்பு நோகிறது என்றால் நோகிறது என்பார்கள். இல்லை என்றால் இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த ஒற்றுமை என்னால் உடையும். புதிதாகத் தொடங்க நேரமும் காணாது. போதாததற்கு என்னுடைய சனத்தையே பொய்யர்கள் ஆக்கப் போகிறேன்.

"நைன்" என்றேன்.

இல்லை என்று ஜெர்மன் மொழியில் நான் வாய்திறந்து சொன்ன முதல் தடவை. எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. போத்தல் திறந்தவர் அப்படியே நின்றார்.

ரைனர், "ஆனால் எல்லோரும் நல்லது என்றார்களே!" என்றார்.

"இரவல் வாங்கின பொருளை எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள்."

"அப்படியென்றால் எங்களிடம் பொய் சொன்னார்களா?"

"இல்லை, மரியாதையாக இருந்தார்கள்" என்றேன். அந்த வித்தியாசத்தை விளக்க என் ஜெர்மன் போதவில்லை. அதனால் எழும்பிப் போய், உர்சுலாவின் துணி அலுமாரியில் இருந்த பட்டில் ஒரு துண்டு எடுத்து, ரைனரின் காற்சட்டைக்கு மேலே வேட்டிபோலச் சுற்றிக் கட்டி, அனெட்டேயின் கதிரையில் இருத்தினேன். அந்த மனுசன் சாய்ந்து வசதியாக இருக்கப் பார்த்தார். அவ்வளவுதான். சறுக்கு மரத்தில் வந்த மாதிரி நேரே என் காலடிக்கு வந்து சேர்ந்தார். தரையில் கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். பிறகு அனெட்டேயை, மெல்லிய பருத்திப் பாவாடையோடு, இரும்புக் கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்த வேகத்தில் துள்ளி எழும்பினார்.

"அந்தப் பெரியவர் விழுந்ததை நான் கண்டேன்" என்று அனெட்டே மெதுவாகச் சொன்னார். "கண்டுவிட்டு, அவர் சொன்னபடி நல்லது என்றே எழுதினேன்."

உர்சுலா என் பக்கம் திரும்பினார். "இரும்பில் சால்வை போட்டு இருந்தவர்கள் எழும்பினார்களா?" என்று என்னைக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எழும்பவில்லை. கைப்பையின்மேல் இருந்த அம்மாகூடத் தாலி கட்டும்வரை எழும்பவில்லை. வழி அங்கேதான் இருந்தது. அடுக்குவதற்கு வசதியான ரைனரின் இரும்புக் கால், அனெட்டேயின் வளைந்த பலகை முதுகு, நடுவில் எங்கள் மெத்தை. அனெட்டே 'மெத்தை' என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

இருக்கையை உர்சுலா என்னிடம் விட்டார். நான் வீட்டுக்கு வந்த விருந்தாளியை இருத்துகிற மாதிரி நினைத்து, தும்பும் குதிரைமயிரும் தாராளமாக வைத்து, பஞ்சணைபோல ஒன்று செய்தேன். எனக்கே பெருமை. உர்சுலா வந்து இருந்தார். ஒரு கடி, ஒரு திருப்பம். இன்னொரு கடி, இன்னொரு திருப்பம். அமிழ்ந்துபோன இருக்கையிலிருந்து எழும்புவதற்கு என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முழுப் பிரேட்செலும் நடுவில் இருந்தது. "நொக் மால்."

இரண்டாவது தடவை சணல் நாடாவை ஊடும் பாவுமாகப் பின்னி இறுக்கி, மேலே மெல்லிய குதிரைமயிர்ப் படுக்கை மட்டும் வைத்தேன். முன்விளிம்பைக் கொஞ்சம் தணித்து, பின்பக்கம் ஒரு விரல் சரிவு கொடுத்தேன். துணிதான் பெரும்பாடு. பட்டு வழுக்கவும் கூடாது, இழை பிடிபடவும் கூடாது. விடுதியிலிருந்து என்னுடைய கூறைச் சேலையைக் கொண்டுவந்து, கிடைத்த ஒவ்வொரு துணிமேலும் இழுத்துப் பார்த்தேன். குகன், "அது எங்கட கலியாணச் சேலை, நினைவு இருக்கட்டும்" என்று பயந்துகொண்டே நின்றார். ஒரு கம்பளித் துணி அகப்பட்டது. சேலை அதில் நின்றது, இழை ஒன்றும் வரவில்லை. உர்சுலா அதில் இருந்து கடைசித் துண்டுவரை சாப்பிட்டு முடித்தார். கையைத் தட்டி உப்பை உதறிவிட்டு எழும்பிப் போனார். அன்று எனக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு மாடி முழுவதும் ஒரே கதிரையைச் செய்தது. ரைனர் வளைத்தார், அனெட்டே வளைத்தார், நான் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு பின்னினேன். நாடகக் குழுகூட மேலே வந்து துணி வெட்டித் தந்தது, கத்தாமல்.

கோடையில் நகரசபைக் குழு வந்தது. தலைவி ஒரு கண்டிப்பான அம்மையார். கீழ் மண்டபத்தில் எங்கள் கதிரைகளை ஒரு மேசையைச் சுற்றிப் போட்டு, கோப்பி கொடுத்தோம். நாங்கள் சுவர் ஓரமாக நின்றோம். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுவோம் என்று சொல்லித்தான் இருந்தார்கள். முதலில் ஒருவர், தரிப்பிடம் இல்லையென்றால் அயலவர் காரை எங்கே விடுவது என்று கேட்டார். இன்னொருவர் ட்ராம் பாதைக்கு அந்தப் பக்கம் என்றார். அங்கே மரங்கள் நிற்கின்றன என்று மூன்றாமவர் எழும்பினார். எழும்பினாரா? இல்லை, குரலைத்தான் உயர்த்தினார். வாக்குவாதம் முற்றியது. கோப்பி முடிந்து இன்னொரு சுற்று வந்தது. மரம், ட்ராம், சட்டம், பழைய கணக்கு எல்லாம் வந்து போயின. அந்தக் கண்டிப்பான அம்மையார் காலுக்கு மேல் கால் போட்டு, ஒரு கையைப் பலகை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மற்றக் கையால் மேசையில் தட்டித் தட்டிச் சண்டை பிடித்தார். நான் முகங்களைப் பார்க்கவில்லை. இடுப்புகளைத்தான் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ஒருவரும் முன்னால் வழுக்கவில்லை, ஒருவரும் மேற்சட்டையைக் கழற்றி மடித்துக் கீழே போடவில்லை. பக்கத்தில் நின்ற உர்சுலாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

வெளியே வெயில் முற்றத்தின் மறுபக்கம் போன பிறகுதான், தரிப்பிடம் ட்ராம் பாதைக்கு அந்தப் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலைவி கையிலிருந்த தாள்களை அடுக்கினார். ரைனரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மன்னிக்க வேண்டும், கதிரைகள்?" என்றார்.

அம்மையார் அவரை விளங்காமல் பார்த்தார்.

"எந்தக் கதிரைகள்?"

பிறகு குனிந்து, தான் இருந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். "ஓ" என்றார். முகம் சிவந்தது. முதலில் சிரித்தது அனெட்டே. பிறகு ரைனர், பிறகு அந்த அம்மையாரே சிரித்தார். உர்சுலா சிரிக்கவில்லை. என் முதுகில் ஒருமுறை, பலமாக, கையை வைத்துவிட்டு எடுத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை எழும்பி, குகனுக்குத் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, நான் வேலைக்குப் போனேன்.